ஏழு கிலோ கைப்பை

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜெயகுமாரி தன் அண்ணனின் கைப்பையைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள். எட்டு கிலோ நானூறு.

"ஏழு கிலோதான் உள்ளே விடுவான்" என்றாள்.

"ஒன்றரைக் கிலோ கூட இருந்தா என்னா? விட்ருவான்" என்றான் ராகவன்.

"விட மாட்டான். அத்தனை பேர் முன்னாடி பையைப் பிரிச்சுக்கிட்டு நிக்கணும். அதை இங்கேயே பிரிச்சிடலாம்."

பையைக் கட்டிலில் கவிழ்த்தாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ராகவனுக்கு விமானம். யாங்கூனிலிருந்து பாங்காக். அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு. பிறகு மெல்பர்ன் வரை ஒன்பது மணி நேரம். ஐம்பத்து நான்கு வயதில் அவன் ஏறப்போகும் முதல் விமானம்.

மெல்பர்னில் அவன் மனைவி சுனிதா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் வசுமதிக்குப் பத்தொன்பது வயது, படிக்கிறாள். இருவரும் போய் நான்கு வருடம் ஆகிறது. ராகவனுக்கு விசா வர இத்தனை காலம் பிடித்தது. வந்த விசாவிலும் ஒரு கெடு இருந்தது. அடுத்த மாதம் ஆறாம் தேதிக்குள் அந்த நாட்டில் போய் இறங்கிவிட வேண்டும்.

யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாலாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டில் இந்த நான்கு வருடமும் அண்ணனும் தங்கையும்தான். நாளைக்குப் பிறகு தங்கை மட்டும். ஜெயகுமாரிக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜுல்ஃபிகர் பாயின் மருத்துவச் சாமான் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். முழங்கால் உறை, இடுப்புப் பட்டை, ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் அளவு பார்த்துக் கொடுப்பது அவள்தான்.

போன மாதம் நடந்ததைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஒரு தொலைபேசி வந்தது. ராகவன் குளித்துக்கொண்டிருந்தான். ஜெயகுமாரி எடுத்துக் கேட்டாள். "சொல்லிடுறேன்" என்று வைத்தாள். மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் அவர்களே மறுபடி கூப்பிட்டபோது விஷயம் தெரிந்தது. ராகவன் கத்தவில்லை. அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதும் போனைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறான்.

கட்டிலில் கிடந்ததை ஜெயகுமாரி பிரித்து வைத்தாள். பர்மியக் கைலியான லோஞ்சி ஐந்து. ஒரு பாட்டில் பலாச்சாங், காரமான காய்ந்த இறால் பொரியல். லப்பெட் என்னும் ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் நாலு. பெரிய பாட்டிலில் மூட்டுவலித் தைலம்.

"லப்பெட்டை ஏன் எடுக்கறே? வசு கேட்டிருக்கா."

"தேயிலைன்னாலும் இலைதானே? அங்கே காட்டிட்டுத்தான் உள்ளே போகணும். அதைப் பெரிய பெட்டியிலே போட்டு, விமானத்திலே தர்ற அட்டையிலே எழுதிக் கொடுத்துடு. பலாச்சாங் வேண்டவே வேண்டாம். மூடி கசிஞ்சா பக்கத்து சீட்டுக்காரன் உன்னைத் தூக்கி வெளியே போட்டுடுவான்."

ராகவன் லேசாகச் சிரித்தான். ஒரு மாதத்தில் அவள் பேச்சுக்கு அவன் சிரித்தது அதுவே முதல் தடவை.

"தைலம் நூறு மில்லிக்கு மேலே. சின்ன டப்பியிலே ஊத்தித் தர்றேன்." பிரஷர் மாத்திரையை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு ஒரு உறையில் போட்டாள். "இது பெரிய பெட்டிக்குப் போகக்கூடாது. பெட்டி தொலைஞ்சாலும் மாத்திரை உன்கிட்ட இருக்கணும்."

மேலே வைக்கும் பை வேறு, காலடியில் வைக்கும் துணிப்பை வேறு என்று அவள் பிரித்திருந்தாள். கண்ணாடி, பேனா, சார்ஜர், பல்துலக்கி, காலித் தண்ணீர்ப் போத்தல் ஆகியவை காலடிப் பையில். மாற்றுச் சட்டை, கம்பளிச் சால்வை, கழுத்துக்கு வைக்கும் தலையணை மேலே. உள்ளே குளிரும் என்று வசுமதி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பாதி தமிழ், பாதி பர்மியம். "அத்தை, அப்பாவுக்கு சாக்ஸ் மறந்துடாதீங்க, அந்த இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ்" என்பது கடைசி வரி.

அது ஜெயகுமாரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்பது மணி நேரம் கால் தொங்கப்போட்டு உட்காருகிறவனுக்கு முழங்கால் வரை வரும் அழுத்த உறை. அளவு தப்பினால் உபயோகமில்லை. இஞ்சு டேப்பை எடுத்தாள்.

"காலை நீட்டு."

ராகவன் லோஞ்சியைச் சற்று தூக்கினான். வலது கெண்டைக்கால் முப்பத்தைந்து சென்டிமீட்டர்.

இடது கெண்டைக்கால் முப்பத்தொன்பது.

டேப்பை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள். முப்பத்தொன்பது. விரலால் லேசாக அழுத்தினாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கொஞ்சம் இருக்கு. நாலு மாடி ஏறி இறங்கறோம், வலிக்காதா?"

அந்தக் கால்தான் உடைந்த கால். ராகவன் யாங்கூன் ஆற்றங்கரையில், போட்டாதாங்கில் ஒரு கிடங்கில் கணக்கராக இருந்தான். மழைக்காலத்தில் படகுத்துறைப் பலகையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துப் பத்தொன்பது நாள் ஆகிறது.

கட்டுப் போட்டு அசையாமல் கிடந்த கால், பிறகு ஒரு பக்கம் மட்டும் வீக்கம், அழுத்தினால் வலி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தவர்களுக்கு அவள் உறை விற்பதில்லை. முதலில் ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவாள். உள்ளே ரத்தம் கட்டியிருந்து, அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

அவளுக்குள் முதலில் எழுந்தது பயம் இல்லை. 'போக முடியாது' என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. பயம் அதற்கு அப்புறம்.

டேப்பைச் சுருட்டினாள்.

"அண்ணே, இடது கால் வீங்கியிருக்கு. நாலு சென்டி. ஸ்கேன் பார்க்காம நீ ஏறக்கூடாது."

ராகவன் அவளையே பார்த்தான்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லேண்ணே..."

"போன மாசம் போனை மறைச்சே. இந்த மாசம் காலா?"

"நீயே அளந்து பாரு."

"அளக்கறவ நீ. எதைச் சொன்னா நான் பயப்படுவேன்னு தெரிஞ்சவளும் நீ. பத்தொன்பது வருஷம் இதைத்தானே வித்துக்கிட்டிருக்கே." அவன் லோஞ்சியை இறக்கிவிட்டான். "யபாதே, பரவாயில்லே குமாரி. எனக்கு ஒண்ணுமில்லே. பையை மூடு."

"மூட மாட்டேன்."

"அப்ப நான் மூடிக்கறேன்."

அவன் சால்வையை மடிக்காமலே பைக்குள் திணித்தான். ஜெயகுமாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் பக்கம் தப்பு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் சொல்வதை நம்ப அவனிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். கரண்ட் போயிருந்தது. படிக்கட்டில் வெளிச்சம் குறைவு. அரசு தடுத்து வைத்த இணைப்புக்குக் குறுக்குவழியான விபிஎன் மூன்று தடவை அறுந்து நாலாவது தடவை பிடித்தது. சுனிதாவின் எண் அவளிடம் நான்கு வருடமாக இருக்கிறது. ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை.

அதற்குக் காரணம் இவள்தான். சுனிதா கிளம்பிய அன்று, விமான நிலைய வாசலில், வழியனுப்ப வந்த எல்லார் முன்னாலும், "போறவ எங்கே எங்க அண்ணனைத் திரும்பிப் பார்க்கப் போறா" என்று ஜெயகுமாரி சொன்னாள். அதற்குப் பிறகு சுனிதா இவளிடம் ஒரு வார்த்தை கூடப் பேசியதில்லை.

அங்கே பகல் ஒரு மணி இருக்கும். ஆறு தடவை போன் அடித்த பிறகு சுனிதா எடுத்தாள்.

"யாரு?"

"அண்ணி, நான் ஜெயா."

எதிர்ப்பக்கம் தட்டுகளின் சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். சுனிதா அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

"அவருக்கு என்னாச்சு?"

"இடது கால் வீங்கியிருக்கு. உடைஞ்ச கால். கட்டுப் பிரிச்சுப் பத்தொன்பது நாள்."

"எத்தனை சென்டி?"

"வலது முப்பத்தஞ்சு. இடது முப்பத்தொன்பது."

"எங்கே அளந்தே?"

"முட்டிக்குக் கீழே நாலு விரல். ரெண்டு காலும் ஒரே இடம். ரெண்டு தடவை அளந்தேன்."

"சூடா இருக்கா?"

"கொஞ்சம். அழுத்தினா வலிக்குது."

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி?"

"இல்லே."

ஜெயகுமாரியே தொடர்ந்தாள்.

"அண்ணன் நம்ப மாட்டேங்குது. நான் போகவிடாம பண்றேன்னு நினைக்குது. நீங்களும் அப்படி நினைக்கலாம். போன மாசம் நான் செஞ்சது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இது அது இல்லே."

"ஜெயா, உனக்கு அவர் போறது பிடிக்கலே."

"பிடிக்கலே."

"அதை ஒளிக்காம சொல்றே. சரி." சுனிதாவின் குரலில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. வார்டில் நோயாளியைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. "போனை வை. நான் அவரைக் கூப்பிடறேன்."

ஜெயகுமாரி படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குள் ராகவனின் போன் அடித்தது. அவன் குரல் முதலில் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. பிறகு "ம்", "ம்" என்பது மட்டும் கேட்டது.

பத்து நிமிடம் கழித்து அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"வா" என்றான். "ஒண்ணுமில்லேன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் உன்கிட்ட பேசறேன்."

டாக்சி பிடித்தார்கள். பெட்ரோல் பங்க் வரிசை தெருவைப் பாதி அடைத்திருந்தது. ராகவன் முன்சீட்டில் உட்கார்ந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் பதினேழு. பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண். ஜெயகுமாரி கடைக்கு வரும் நோயாளிகளை அனுப்பும் இடம்தான் இது. ஆனாலும் டாக்டருக்கு அவள் முகம் தெரியாது, சீட்டில் இருக்கும் கையெழுத்துதான் தெரியும்.

"சயாமா, இவருக்கு நாளைக்கு ஃப்ளைட்" என்று டாக்டரிடம் பர்மியத்தில் சொன்னாள்.

"எங்கே?"

"மெல்பர்ன்."

டாக்டர் ராகவனின் முழங்காலுக்குப் பின்னால் கருவியை வைத்தார். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது. அழுத்திப் பார்த்தார். இன்னும் அழுத்தினார். அதே இடத்தில் நாலைந்து தடவை அழுத்தினார்.

"இந்த ரத்தக்குழாய் அமுங்கணும்" என்றார். "அமுங்கலே. உள்ளே ரத்தக்கட்டி இருக்கு."

ராகவன் திரையைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் புரியவில்லை.

"சின்னதா?"

"சின்னது இல்லே."

"நாளைக்குப் போகலாமா?"

"ஏறலாம்" என்றார் டாக்டர். "இறங்குவீங்களான்னு நான் சொல்ல முடியாது."

மாத்திரை எழுதினார். காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டோடு, ஒரு வேளையும் தவறக் கூடாது. வீட்டுக்குள் நடக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விமானம் குறைந்தது நாலு வாரத்துக்குக் கிடையாது. அதற்குப் பிறகும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ராகவன் விரல் விட்டு எண்ணினான். இன்று பன்னிரண்டாம் தேதி. நாலு வாரம் என்றால் அடுத்த மாதம் பத்துக்குப் பக்கம். விசாவின் கெடு ஆறாம் தேதி.

"நாலு நாள்" என்றான். "நாலே நாள் தாண்டிடும்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. ஜெயகுமாரிக்கு விளங்கியது.

வாசலில் நின்றே ராகவன் சுனிதாவைக் கூப்பிட்டான். ஸ்கேன் தாளைக் காமிராவுக்கு நேரே பிடித்தான். சுனிதா முழுவதும் படிக்கும் வரை காத்திருந்தான்.

"கெடுவை நீட்டிக் கொடுக்கச் சொல்லி எழுதலாம்" என்றாள் சுனிதா. "கொடுப்பாங்களா தெரியலே. கொடுக்கலேன்னா மறுபடி முதல்லேர்ந்து."

"மறுபடி நாலு வருஷமா?"

"நான் அப்புறம் பேசறேன். நீங்க மாத்திரையைப் போடுங்க."

திரை அணைந்தது. அவள் அழுதாளா என்று தெரியவில்லை. அழ விரும்பாததால் வைத்துவிட்டாள் என்று ஜெயகுமாரி நினைத்தாள்.

நாலு மாடி ஏற அரைமணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு தளத்திலும் ராகவன் நின்றான். மூன்றாம் மாடியில் தங்கையின் தோளில் கையை வைத்தான். மேலே வந்து சேரும் வரை எடுக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. அதற்குள் டிக்கெட்காரரிடம் பேசியாயிற்று, கெடுவை நீட்டக் கேட்டு மெல்பர்னுக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று. ஜெயகுமாரி சோறு போட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ராகவன் விழுங்கிவிட்டுத் தண்ணீர்க் குவளையைக் கையிலேயே வைத்திருந்தான்.

"குமாரி."

"ம்."

"ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"

"கேளு."

"காலை அளந்தப்ப... சந்தோஷமா இருந்துச்சா?"

பொய் சொல்வது சுலபம். சொன்னாலும் இன்றைக்கு அவன் நம்புவான்.

"இருந்துச்சு" என்றாள். "கொஞ்ச நேரம். அப்புறம் பயமாப் போச்சு."

ராகவன் குவளையைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அப்படி இருந்தும் சொன்னே" என்றான். "சொல்லாம விட்டிருந்தா நாளைக்கு நான் ஏறியிருப்பேன்."

"சொல்லாம எப்படி விடுவேன்?"

"போன மாசம் விட்டியே."

"அது தப்பு. அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்." அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேண்ணே."

"சரி" என்றான் அவன். அவள் சொன்னதை இந்தத் தடவை அவன் ஏற்றுக்கொண்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். சுனிதாவின் செய்தி.

"ஜெயா, நான் ஞாயிற்றுக்கிழமை அங்கே வர்றேன். டிக்கெட் போட்டாச்சு. அவர்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சா வரவிட மாட்டார்."

ஜெயகுமாரி சமையலறையிலேயே நின்றாள்.

சுனிதா சொல்வது சரிதான். ராகவனுக்குத் தெரிந்தால் தடுப்பான். இந்த ராணுவ ஆட்சியில், வெளியே போனவர்கள் திரும்பி வந்தால் மறுபடி போக முடியுமா என்று இப்போது யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருப்பவரின் மகன், அப்பாவின் சாவுக்குக்கூட வராததற்கு அதுதான் காரணம்.

மறைத்தால் அண்ணி நான்கு நாளில் இந்த வீட்டில் இருப்பாள். நான்கு வருடம் பேசாதவள் முதல் முறையாக இவளை நம்பி ஒன்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் அந்த நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அரைமணி நேரம்கூட நிற்காது.

"யாரு போன்லே?" என்று கூடத்திலிருந்து ராகவன் கேட்டான்.

"அண்ணி."

"என்னா சொல்றா?"

ஜெயகுமாரி கூடத்துக்குப் போனாள். போனை அவனிடம் நீட்டினாள்.

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. படி."

ராகவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். ஒரு தடவை படித்தான். மறுபடியும் படித்தான். முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அது மாறிவிட்டது.

"பைத்தியமா அவளுக்கு? வந்தா மாட்டிக்குவா. வேண்டாம்னு எழுது குமாரி. இப்பவே எழுது."

"நீயே எழுது. உன் பெண்டாட்டி."

அவன் ஒரு விரலால் எழுத்துகளை அழுத்தத் தொடங்கினான். 'வராதே' என்று எழுதினான். அழித்தான். 'வர வேண்டாம்' என்று எழுதினான். அனுப்புவதற்குள் அவன் கையிலேயே போன் அதிர்ந்து, இன்னொரு செய்தி வந்தது.

"திரும்பிப் போற டிக்கெட் எடுக்கலே. அதையும் அவர்கிட்ட சொல்லாதே."

ராகவன் அதை வாய்விட்டுப் படித்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"திரும்பிப் போகலேன்னா? வேலை? வசுவை யார்கிட்ட விட்டுட்டு வர்றா?"

ஜெயகுமாரிக்குத் தெரியவில்லை. ராகவன் அவளுடைய போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, தன் போனில் மகளின் எண்ணை அழுத்தினான். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். இரண்டாவது மணியிலேயே வசுமதி எடுத்தாள். அவன் பேச வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் கேட்டது.

"அப்பா? அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?"